மலர்ந்த பூ விலைபோகாது

பூவைப் படம் பிடிப்பதைப் போல் சுலபமான காரியம் வேறில்லை. காமிராவை அதன் முன்னால் வைத்துவிட்டால் போதும். மீதியைப் பூவே பார்த்துக்கொள்ளும். இதனாலேயே பூக்களைப் பற்றிய படம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. எடுக்கப்பட்ட பொருளின் அழகை நம்பி நிற்கும் படத்தில், எடுத்தவனுடையது என்று சொல்ல என்ன மிஞ்சும்? இந்தச் சந்தேகத்தோடுதான் ஹாலந்தின் பழைய மலர்ப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். சில, ஆம்ஸ்டர்டாமில் உள்ள 'ஐ' திரைப்பட மியூசியம் செப்பனிட்டுப் பாதுகாப்பவை. சில, ஹில்வர்ஸம் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கும் செய்திப் படங்கள். 1909 என்று தேதியிடப்பட்ட 'ஹார்லெம் மலர் வயல்கள்' நான் பார்த்தவற்றில் மூத்தது. சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் படத்தைவிட்டு நகர்ந்து, நம் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹார்லெமுக்கும் லெய்டனுக்கும் இடையே கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் நிலம் அது. கால்வாய்களால் நீரை வடித்து, மட்டம் பார்த்து, மணலைப் பதப்படுத்தி உண்டாக்கிய பூமி. துலிப், ஹயாஸிந்த், நார்ஸிஸஸ் என்று பட்டை பட்டையாக நட்டிருக்கிறார்கள். படங்கள் அநேகமாக ஒரே கிரமத்தில் போகின்றன: முதலில் வயல், பிறகு வயலில் குனிந்த ஆட்கள், பிறகு கொட்டகை, கடைசியில் கால்வாய்ப் படகும் பெட்டிகளும். செய்திப் படம் எடுத்த பாலிகோன் கம்பெனி 1919இல் ஹார்லெமிலேயே தொடங்கப்பட்டது. பூ அதற்கு வாசலில் பூத்தது என்றே சொல்லலாம். வசந்தம் வந்தால் பூவயல் செய்தி என்பது அங்கே ஒரு சடங்கு, நம் செய்திகளில் ஆடிப்பெருக்கு வருவதைப் போல.

இந்தப் படங்களில் முதலில் கண்ணைத் தாக்குவது நிறம். வண்ண பிலிம் பரவலாவதற்கு வெகுநாள் முந்தைய நிறம் அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு படச்சுருளை எடுத்துக்கொண்டு, அந்த நிறம் படவேண்டிய இடத்தை மட்டும் சட்டம் சட்டமாக வெட்டி எடுப்பார்கள். அந்தத் துளை வழியே சாயம் இறங்கும். நம் வாசலில் கோல அச்சு வைத்துப் பொடி தூவும் அதே தத்துவம். இந்த முறை வருமுன் கையாலேயே சாயம் தீட்டினார்கள். பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற அம்மையாரின் கூடத்தில் 200க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்திக்கு ஒரு நிறம் என்பது அங்கே கணக்கு. சிவப்புக்காரி நாள் முழுக்கச் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருப்பாள். துளை வெட்டும் முறை வந்த பிறகும் வேலை பெண்களிடம்தான் இருந்தது. ஆக, நாம் 'அந்தக் காலத்து நிறம்' என்று பரவசப்படுவது பூவின் நிறமே அல்ல. தினக்கூலிப் பெண்களின் விரல் நுனி.

இந்தச் சாயம் எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. அன்றைய படங்களில் அது சற்று விலகி, பூவின் ஓரத்தைத் தாண்டி, பக்கத்தில் இருப்பதன் மேலும் வழிந்துவிடும். செப்பனிடுகிறவர்கள் அதைத் திருத்துவதில்லை. தூசியையும் கீறலையும் துடைப்பார்கள், வெளிறியதை மீட்பார்கள். ஆனால் அந்த வழிசலை விட்டுவிடுவார்கள். அது கெட்டுப்போனது அல்ல, செய்த கையின் தடம் என்று அவர்களுக்குத் தெரியும். எதைத் துடைப்பது, எதை விடுவது என்ற இந்த விவேகம்தான் செப்பனிடுதல் என்ற காரியத்தில் இருக்கும் கலை. பீட்டர் டெல்பூட் என்ற டச்சுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜான் டெஸ்மெட் என்ற பழைய விநியோகஸ்தரின் சேகரிப்பிலிருந்து துண்டுகளை எடுத்து 1991இல் அவர் தொகுத்த 'லிரிகல் நைட்ரேட்', சுருள் அழுகி உருகும் இடங்களையும் சேர்த்தே காட்டுகிறது. அழுகலும் ஒருவிதமாகப் பூக்கத்தான் செய்கிறது. ஹாலந்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் பைத்தியமாகி விலை ஏற்றிய வரி வரியான துலிப், நோய் பிடித்த துலிப். அசுவினிப் பூச்சி கொண்டுவரும் வைரஸ்தான் அந்த வரிகளை எழுதியது என்பது 1920களுக்குப் பிறகே தெளிவாயிற்று. இப்போது அந்த நோயைத் தோட்டத்தில் வைத்திருக்கமாட்டார்கள், களைந்துவிடுவார்கள். ஓவியங்களில் அது பத்திரமாக இருக்கிறது.

இதுவரை எழுதியது நான் தனியாகப் பார்த்தபோது தோன்றியவை. இங்கேயே நிறுத்தியிருந்தால் நம் சிறுபத்திரிகைகளில் வரும் இன்னொரு ரசனைக் கட்டுரையாக முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை சின்னமனூர்ப் பக்கம் பிறர் தோட்டங்களில் பூ எடுக்கப் போகிறவர். முப்பது வருஷத்துக்கு மேலாக இதுதான். ஒருநாள் மத்தியானம், வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஹார்லெம் படத்தை மடிக்கணினியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். வாய் பிளப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பூ. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிஜமான விசனத்தோடு சொன்னார்: "ஏப்பா, அம்புட்டையும் மலர விட்டுட்டாகளே! எடுக்க ஆள் வரலையா?"

நான் பார்த்தது சொர்க்கம். அவர் பார்த்தது நட்டம். ஒரே சட்டம், ஒரே நிறம்.

பிறகு வேறொரு படத்தில் ஆட்கள் பூக்களின் தலையைக் கொய்து எறியும் இடம் வந்தது. "இப்ப அத்து என்னத்துக்கு? விடியமுன்ன எடுத்திருக்கணும்" என்றார். அங்கே பூவுக்கு விலை கிடையாது, கிழங்குக்குத்தான் விலை. பூ நின்றால் சத்தை உறிஞ்சிவிடும், கிழங்கு பருக்காது, அதனால் பூத்ததும் கொய்து போட்டுவிடுவார்கள் என்று விளக்கினேன். அத்தை யோசித்தார். பிறகு கேட்டார்: "கெழங்கு விக்கிறவன் பூவை எதுக்குப் படம் எடுக்குறான்?"

இந்தப் படங்களைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எனக்குத் தோன்றவில்லை, பூ மறைத்துவிட்டது.

பதில் அந்த வியாபாரத்தின் வேரிலேயே இருக்கிறது. துலிப் கிழங்கைக் கையில் வைத்துப் பார்த்தால் வெங்காயம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ஹாலந்து ஜனங்கள் அதை வேகவைத்துத் தின்றும் இருக்கிறார்கள். இந்த வெங்காயத்தை விலை கொடுத்து வாங்குகிறவன், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை நம்பித்தான் வாங்கவேண்டும். அந்த நம்பிக்கையைக் கொடுப்பது படம். அதற்காகவே 17ஆம் நூற்றாண்டில் துலிப் ஏடுகள் என்று வர்ணச் சித்திரங்களைத் தொகுத்தார்கள். ஹார்லெம் ஓவியரான யூடித் லெய்ஸ்டர் 1643இல் அப்படி ஒரு ஏட்டுக்கு வரைந்திருக்கிறார். 1637 பிப்ரவரியில் விழுந்து நொறுங்கிய அந்தப் பிரசித்தமான துலிப் சூதாட்டத்தில், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே காகிதத்தில் கைமாறியது. பொருள் கண்ணுக்குத் தெரியாது, காகிதம் தெரியும். 1909இல் சித்திரக்காரியின் இடத்தில் காமிரா வந்து நின்றது, அவ்வளவே. ஆக அந்தப் பூவயல் வியாபாரத்தின் காட்சி அல்ல, வியாபாரத்தின் விளம்பரம். பூ பூத்து நிற்கும் சில வாரங்கள், பூ எப்போது தொலையும் என்று விவசாயி காத்திருக்கும் வாரங்கள். காமிரா வந்து நின்றது அப்போதுதான்.

இனி நம் பக்கம். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னால் சீலையம்பட்டி. அங்கே ஒரு பூ மார்க்கெட் உண்டு. கிழக்கே ஆண்டிபட்டியில் இன்னொன்று. மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி, செவ்வந்தி, அரளி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி எல்லாம் சாக்கிலும் கூடையிலும் வந்து இறங்குகின்றன. ஓணம் வந்தால் மலை தாண்டிக் குமுளி வழியே கேரளம் போகின்றன. மல்லிகையின் கணக்கு மற்றவற்றினுடையதைவிடக் கறாரானது. முற்றிய மொட்டாக இருக்கவேண்டும், விரிந்திருக்கக் கூடாது. இருட்டில், நெற்றியில் பாட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு, செடிக்குச் செடி குனிந்து எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகள் வேண்டும். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. வெயில் ஏறுமுன் கமிஷன் கடைக்குப் போய்விட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் வருகிற பூவை யாரும் சீந்தமாட்டார்கள். அது மலர்வது சாயங்காலம், வேறொரு ஊரில், வேறொருத்தியின் கூந்தலில். எடுத்தவள் அதை மலர்ந்து பார்ப்பதில்லை. மார்கழிப் பனியில் செடி மொட்டு வைக்காது. அப்போது பொங்கலை ஒட்டி விலை ஆயிரங்களில் ஏறும். வெயில் காலத்தில் பூ குவிந்து விலை சரியும். வாசனைச் சத்து எடுக்கும் ஆலைகளுக்கு மலிவாகப் போகும். கார்த்திகைக் கடைசியில் செடியைக் கவாத்து செய்து, மறுபடி மாசி, பங்குனிக்குக் காத்திருப்பார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மலர்ந்த பூவைக் கொய்து எறிகிறார்கள். இங்கே பூவை மலரவிடுவதே இல்லை. இரண்டு வியாபாரத்திலும் மலர்ந்து நிற்கும் பூவுக்கு இடமில்லை. அதைக் கேட்பது காமிரா மட்டுந்தான். கவிஞர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஏன் அப்படி ஒரு படம் எடுக்கப்படவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. நம்மவர்களின் அசிரத்தை ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பாசனத்தை மாற்றியமைத்த பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே போன ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28இல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதல் சலனப் படங்களைக் காட்டினார்கள். எங்கள் நிலத்தின் மறுபிறப்பு காமிராவை இரண்டு மாதத்தில் தவறவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்குப் பிறகு தவறவிட்டதற்கு வேடிக்கை போதாது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' பிரதியே இன்று இல்லை. காந்தியைப் பற்றிய துண்டுப் படங்களைத் தேடி ஏ.கே. செட்டியார் கண்டம் கண்டமாக அலைந்து 1940இல் ஒரு முழுப் படம் கொடுத்தார். ஒரு ஸ்தாபனம் செய்யவேண்டியதைத் தனி மனிதர் செய்தார், அதுவும் மகாத்மாவுக்காக. பூக்காரிக்காக யார் அலைவார்கள்? ஆனால் ஆழமான காரணம் வேறு. மல்லிகைக்குப் படம் தேவைப்படவில்லை. சரக்கு தட்டில் கிடக்கிறது, வாசனை முகத்தில் அடிக்கிறது, விலை அந்த நிமிஷம் தீர்கிறது. காட்டி நம்பவைக்க வேண்டியது ஒன்றுமில்லை. வியாபாரம் கேட்காததை இங்கே யாரும் எடுக்கவில்லை.

பூவைக் காட்டி வேறொன்றை விற்கும் வித்தையை நம் சினிமா நன்றாகவே கற்றுக்கொண்டது. முத்தத்துக்குப் பதில் இரண்டு பூக்கள் உரசிக்கொண்ட காலத்தை எல்லோரும் கேலி செய்து முடித்தாகிவிட்டது. எனக்கு அதன் கூச்சத்தைவிடக் கணக்குத்தான் முக்கியம். அங்கே விற்கப்பட்டது காமம். பூ அதன் உறை. ஹாலந்துக்காரன் கிழங்கை விற்றான். உறையும் சரக்கும் ஒரே செடியில் இருந்தன. அந்த அளவுக்கு அவன் நேர்மையானவன். அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா காமிராவைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார் என்பது நிஜம். ஆனால் அந்தக் காமிராவுக்கும் பூ பெரும்பாலும் ஒரு மனநிலைதான். விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது 2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஏலக்காய் மூட்டையின் கனத்தைப் பார்க்கிறவன் முதுகுக்கு மாற்றிவிடுகிற படம் அது. மூட்டை சரிந்து பள்ளத்தில் சிதறும்போது, ஒரு மனிதனின் காணி நிலம் சிதறுவது நமக்குத் தெரிகிறது. ஏலக்காயின் மணம் பற்றி அங்கே பேச்சே இல்லை.

சினிமாவைத் திட்டிவிட்டு எழுந்து போவது சௌகரியம். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் இருநூறு பேரில் பாதிப் பேர் கவிதை எழுதுகிறவர்கள். அவர்களுக்கு அத்தையின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். உங்கள் கவிதையில் இருக்கும் பூ எத்தனை மணிக்குப் பறிக்கப்பட்டது? நம் நவீன கவிதையில் பூ உதிர்கிறது, மௌனமாக இருக்கிறது, பிரபஞ்சத்தைத் தன்னுள் அடக்குகிறது. எப்போதும் மலர்ந்தே இருக்கிறது. அதை வைத்து நாம் விற்பது தனிமை, இருப்பு, நிலையாமை. சரக்கு கைக்கு வெங்காயமாகத் தெரிவதால் உறைக்குப் பூ. மறுதரப்பைச் சேர்ந்த தோழர்கள் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பூக்காரியின் கண்ணீரை மொட்டில் பனித்துளியாக வைக்கும் அவர்களுடைய கவிதையும் இதே கடைதான். உறை அதே, சரக்கு மட்டும் இரக்கம். இரு தரப்புக்கும் தராசு கண்ணில் படவில்லை.

பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நற்றிணையில் ஒரு பாட்டில், கூடையில் பூவை ஏந்தி, வண்டு மொய்க்க, வாங்குகிறீர்களா என்று தெருத் தெருவாகக் கூவி வருகிறாள் ஓர் உழவர் மகள். பிரிவில் கிடக்கும் தலைவிக்கு குயிலும் ஆறும் கொடுமை. எல்லாவற்றையும்விட இவள் கொடுமை. நான் அந்தப் பாட்டைப் பலமுறை படித்தும் தலைவியின் வலியை மட்டுமே கேட்டிருந்தேன். அத்தைக்குப் பிறகு படித்தபோது கூடை தெரிந்தது. எழுதியவன் விற்கிறவளுக்காக ஒரு சொல் பரிதாபப்படவில்லை. அவள் தன் பாட்டுக்கு விற்றுக்கொண்டு போகிறாள், இன்னொருத்தியின் துக்கம் தெரியாமல். பூ அங்கே ஒருத்திக்கு வசந்தம், இன்னொருத்திக்கு அன்றைய பிழைப்பு. இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் உவமையாக மாறிவிடவில்லை. இந்தக் கண்டிப்பைத்தான் நாம் தொலைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

கவிதையைக் கூலிப் பட்டியல் ஆக்கச் சொல்கிறேன் என்று யாராவது எழுதப்போகிறார்கள். இல்லை. நான் கேட்பது செப்பனிடுகிறவனின் விவேகம். நிறம் பூவின் எல்லையைத் தாண்டிக் கையில் வழியும் இடத்தைத் துடைக்காமல் விடுகிற விவேகம். ஹார்லெம் படங்கள் இன்று விளம்பரம் அல்ல. அந்தக் கிழங்குகளை வாங்கியவர்களும் விற்றவர்களும் போய்விட்டார்கள். விற்கவேண்டிய அவசியம் கழன்று விழுந்த பிறகு, விளம்பரத்துக்காக எடுக்காதது மேலே மிதந்து வருகிறது: குனிந்த முதுகு, வெட்டும் கை, காமிராவைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பையனின் கூச்சம். எடுத்தவன் அவற்றை எடுக்க நினைக்கவில்லை. காப்பாற்றியவனுக்குத்தான் அவை கிடைத்தன.

பொங்கல் வந்தால் சீலையம்பட்டியில் இப்போதும் காமிரா வருகிறது. மல்லிகை விலை இன்று இவ்வளவு என்று செய்திக்குக் கால் நிமிஷம் எடுத்துப்போகிறார்கள். அந்தக் கால் நிமிஷங்களை யாராவது எறியாமல் வைத்திருந்தால், நூறு வருஷம் கழித்து விலை மறந்துபோய், ஓரத்தில் சாக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி தெரிவாள். வைத்திருப்பார்களா என்பது என் சந்தேகம். ஆரம்பத்தில் சொன்ன சந்தேகம் வந்து நிற்கும் இடம் இதுதான்.

படம் முடிந்ததும் அத்தை எழுந்துவிட்டார். மூன்று மணிக்கு எழவேண்டும், சீக்கிரம் சோறு பொங்கிப் படுக்கவேண்டும். போகும்போது திரும்பி, "அத்துப் போட்டதையாவது யாரும் அள்ளிக்கிட்டுப் போனாகளா?" என்று கேட்டார். மலை மலையாகக் குவித்து மக்கவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.